உள் அறைத் தரையின் குளிர்

9 டிசம்பர் 2008, செவ்வாய்

இன்றைக்கும் இரண்டு ஆந்தூரியம் பூச்செடி போச்சு. இலை விளிம்பு கருத்து, தண்டு கொழகொழவென்று ஆகி, தொட்டால் கையோடு வருகிறது. தண்ணீர் அதிகமா? இல்லையே, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துத்தானே ஊற்றுகிறேன்.

வெயில் ஆகாத செடி என்பதால் உள் அறையில் மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, கூடாரம் மாதிரி செய்து, உள்ளே ட்யூப் லைட் போட்டு வளர்க்கிறேன். மகள் வாசுகி ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த கன்றுகள். "அப்பா போனதிலேர்ந்து செவுத்தயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கற. இதுங்கள வளத்துப் பாரும்மா" என்று இறக்கி வைத்துவிட்டுத் திட்டக்குடிக்குப் போய்விட்டாள். முதலில் சனியன் என்றுதான் நினைத்தேன். இப்போது காலையில் நான் எழுந்திருப்பதே இதுகளுக்காகத்தான். இதுகளும் போய்விட்டால் எதற்கு எழுந்திருப்பது?

12 டிசம்பர்

கண்டுபிடித்துவிட்டேன். தரைதான் காரணம்! சிமெண்ட் தரையில் கை வைத்தால் ஐஸ். அது தொட்டி வழியாக வேருக்கு ஏறுகிறது. வெயிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் குளிரில் செடி சாகிறது என்றால் எவன் நம்புவான்?

கோணியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் வைக்கோல் பரப்பி, அதன் மேல் தொட்டிகளை வைத்தேன். இந்த ஊர்ச் சூளைகளில் சுடுகிற செராமிக் பொம்மைகளை உடையாமல் அடுக்குகிற வைக்கோல்தான். பொம்மைக்கு ஆவது பூவுக்கு ஆகாதா?

15 டிசம்பர்

ஆகவில்லை. கோணியும் ஜில்லிட்டுப் போயிருக்கிறது. இன்னொன்றும் போச்சு.

16 டிசம்பர்

பக்கத்து வீட்டு ராஜம்மாள் வந்து பார்த்தாள். "மார்கழி பொறந்தாச்சு, குளிராம என்னா பண்ணும்?" என்றாள். அப்படியானால் கூடத்துத் தரை ஏன் குளிரவில்லை? சமையற்கட்டுத் தரை ஏன் குளிரவில்லை?

அவள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடந்தேன். எல்லா இடமும் சாதாரணமாகத்தான் இருக்கிறது. உள் அறையில் சன்னல் ஓரமாக ஒரே ஒரு இடம் மட்டும்தான் குளிர்கிறது. செத்த செடி எல்லாமே அந்த இடத்தில் இருந்தவை. காலாலேயே தடவித் தடவி, குளிர் முடிகிற ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். போட்டு முடித்து எழுந்து நின்று பார்த்தேன்.

ஒரு ஆள் படுக்கிற அளவு.

சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

18 டிசம்பர்

எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா? அது அவர் படுக்கிற இடம். தனக்கோடி என்கிற என் வீட்டுக்காரர் பொம்மைச் சூளையில் தீ பார்க்கிற வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு அந்த வெறும் தரையில்தான் விழுவார். "பாயாவது போட்டுக்கங்களேன்" என்பேன். "சூளைய ஒடம்புல கட்டிக்கிட்டு வந்திருக்கறேன் நீலா, தரதான் கேக்குது" என்பார். போன மாசியில் ஒரு மத்தியான வேளை, அந்த இடத்தில்தான் உயிர் போனது.

அதற்கும் இதற்கும் என்ன? கீழே ஊற்று ஏதாவது ஓடும். பைத்தியக்காரி மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

22 டிசம்பர்

பக்கிரியிடம் சொல்லி அனுப்பினேன். அவரோடு சூளையில் வேலை செய்தவன். சைக்கிளில் கட்டி, சூளை உள்சுவருக்கு வைக்கிற வெள்ளைக் கல் கொண்டுவந்தான். கல் என்று பேர்தான், ரொட்டி மாதிரி லேசாக இருக்கிறது. "அம்மாஞ் சூட்டையே அந்தாண்ட வுடாது அண்ணி, தரக் குளிரு எம்மாத்திரம்?" என்று தானே குந்தி அடுக்கினான். சாக்பீஸ் கோட்டுக்குள் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். நான் கூடாரத்துத் தாளைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மிச்சக் கல்லை அவசர அவசரமாக வைத்தான். "அண்ணன் அடிக்கடி சொல்லுவாரு. ஒரு பக்கம் அடச்சா இன்னொரு பக்கம் வழி தேடுமாம் சூடு" என்றான். போட்ட டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

28 டிசம்பர்

புதுக் குருத்து! ஒன்று இல்லை, நாலு தொட்டியில். ஒரு மொட்டுகூட எட்டிப் பார்க்கிறது, கோழிக் கொண்டை நிறத்தில். கல் ஜெயித்தது, நான் ஜெயித்தேன். இன்றைக்கு எனக்கு நானே பாயசம் வைத்துக் குடித்தேன்.

1 ஜனவரி 2009

காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். ஐஸ்.

கூடத்தில். என் கட்டிலுக்குப் பக்கத்தில். அதே நீளம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். உள் அறை வாசற்படியிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரு தடம் மாதிரி குளிர் வந்திருக்கிறது.

ஏன்யா, நான் கல்லை வெச்சு அடைச்சா நீ இங்க வந்து படுத்துக்குவியா? உசுரோட இருந்தப்பவும் இதே பிடிவாதம்தான். சத்தம் போட்டே திட்டிவிட்டேன். திட்டி முடித்ததும் காலைத் தூக்கிக் கட்டில் மேல் மடக்கி வைத்துக்கொண்டேன். பயம்தான், ஏன் மறைக்கணும்?

4 ஜனவரி

ராஜம்மாளிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் காலை வைத்துப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது.

"ஏன்டி, பொணத்த எடுத்தப்புறம் வெளக்க எங்க வெச்சீங்க?"

"கூடத்துல. அங்கதானக்கா கெடத்தியிருந்தது."

"அடிப் பாவி! உசுரு போன எடத்துல இல்ல வெக்கணும்? கருமாதி வரைக்கும் வெளக்கு அங்க எரிஞ்சாத்தான அதுக்கு வெளிய போவ வழி தெரியும்? பாவம், இருட்டுல தடவிக்கிட்டுக் கெடக்குது."

உள் அறை சின்னது, சனம் உட்கார இடம் இல்லை என்று கூடத்துக்குத் தூக்கி வந்தோம். விளக்கும் அங்கேயே இருந்துவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கு நினைப்பு இருந்தது?

வழி அவளே சொன்னாள். கல்லை எடுத்துவிட்டு, தரையைக் கழுவி, நெல்லைக் கொட்டி அதன் மேல் விளக்கு வைக்க வேண்டும். தை அமாவாசை வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்புறம் கெளம்பிடுவாரு. தர தரயா இருக்கும், உன் செடியும் பொழைக்கும்."

6 ஜனவரி

செடிகளைக் கூடத்து மூலைக்கு மாற்றினேன். கல்லை எடுத்தேன். கழுவினேன். நெல், விளக்கு, எண்ணெய், திரி எல்லாம் தயார். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கட்டில் பக்கம் இப்போது குளிரவில்லை. கல்லை எடுத்ததுமே பழைய இடத்துக்கு வந்துவிட்டார் போல. உள்ளங்கையை வைத்தேன். கை மரத்துப்போகிற குளிர். ஆனால் எடுக்கத் தோன்றவில்லை. எத்தனை மாதமாகிறது, அவரைத் தொட்டு? அவர் முதுகு இங்கேதான் இருக்கும். வேலைவிட்டு வந்தால் கொதிக்கிற முதுகு.

ஏற்றினால் போய்விடுவார். அப்புறம் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? செடியா? செடிக்கு என்னைத் தெரியுமா? நீலா என்று கூப்பிடுமா?

வழி தெரியாமல் கிடக்கிறாராம். யாருக்குத் தெரியும், போக மனமில்லாமல் கிடக்கிறாரோ என்னவோ! என்னால முடியல. முடியலடா சாமி.

தீப்பெட்டியைச் சமையற்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

7 ஜனவரி

ராஜம்மாள் போன் போட்டிருப்பாள். வாசுகி ஓடி வந்தாள். "வெளக்கு ஏத்தினியாம்மா?" என்றாள். உள் அறை வாசற்படியை மறித்துக்கொண்டு நின்று, ஏற்றினேன் என்றேன். என் கண்ணையே பார்த்தாள். "அப்ப எங்கூட வா. கொஞ்ச நாளு இருந்துட்டு வரலாம்."

நான் வரவில்லை, செடிகளைக் கொண்டுபோ என்றேன். "ஏம்மா, நல்லாத்தான தழையுது?" என்றாள். இந்தத் தரை அதுகளுக்கு ஆகாது என்றேன். பொய் இல்லையே. மொட்டு விட்ட தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அழுதுகொண்டே போனாள்.

14 ஜனவரி

பொங்கல். பாயை உள் அறையில் விரித்தேன்.

6 மே, புதன்

கத்திரி தொடங்கிவிட்டது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தெருவில் நாய்கூட இல்லை. ராஜம்மாள் விசிறியோடு வந்து, நான் கூப்பிடுவதற்குள் உள் அறைக்கே வந்துவிட்டாள்.

"அடியாத்தே! ஊரே வேவுது, உன் வூடு மட்டும் எப்பிடிடி இப்பிடி ஜில்லுன்னு இருக்குது?" என்று முந்தானையை உதறிக்கொண்டு சன்னல் ஓரமாகப் படுக்கப் போனாள்.

"அக்கா, அங்க வேணாம். இந்தாண்ட வா."

"ஏன், அங்க என்னாவாம்?"

"ஆளு படுத்திருக்குது."

சாதாரணமாகத்தான் சொன்னேன். விருந்தாளியிடம் இடம் சொல்கிற மாதிரி. அவள் வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு என் தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். விசிறியைக்கூட எடுக்கவில்லை, வெயிலிலேயே போய்விட்டாள்.

போனால் போகட்டும். சத்தம் போட்டுப் பேசுவாள், அவருக்குத் தூக்கம் கெடும்.