புதன்கிழமைக்கு முன் சேர வேண்டியது

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை சரிதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலது கை மாவுக்கட்டில், இடது கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். அவருக்குத் தமிழ் புரியும், படிக்கத்தான் வராது. மண்டியாவில் உன் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் கடிதம்.

போன வாரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுமாறித் தரையில் கையை ஊன்றினேன். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. டாக்டரம்மா எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் எழுபது வயது எலும்பா என்று கேட்டார். முப்பத்திரண்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்ததைச் சொன்னேன். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்தார். சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்களாம். எனக்கு இதுநாள்வரை தெரியாது. எலும்பைக் கெட்டியாக வைத்திருந்ததே அதில் சுரக்கும் ஹார்மோன்தானாம்.

கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. மாதவிடாய் நாட்களில் பாத்ரூம் போகவும் சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். கூட வேலை செய்தவர்கள் கர்ப்பப்பையை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதோடு கால்சியம், வெயிலில் நடை, கேழ்வரகுக் களி. எலும்பு இனிமேல் கரையாமல் பார்க்கலாம், கரைந்தது முழுசாகத் திரும்பாது என்கிறார். குடம் தூக்கக் கூடாது. லைன் வேலையும் போய்விட்டது. மாமாதான் தலை பின்னிவிடுகிறார், மாட்டுக்குக் கயிறு திரிப்பது போல. சிரித்துக்கொண்டே அழுதேன்.

சரிதா, பொங்கலுக்கு வந்தபோது உதிரப்போக்கு நிற்கவே இல்லை என்று நீ அழுதாய். எடுத்துப் போட்ரு புள்ள, நிம்மதியா கெடக்கலாம் என்று சொன்னது நான்தான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உனக்கு முப்பத்தைந்துதான் ஆகிறது. மருந்திலேயே நிறுத்த வழி உண்டா என்று இன்னொரு டாக்டரைக் கேள். எடுத்தே தீர வேண்டும் என்றால், சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள். ஆபரேஷனுக்குப் புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டதே என்று தயங்காதே. மாமியார் கோபித்தால் என்னைத் திட்டட்டும்.

அக்கா சொன்னாள் என்றுதானே ஒத்துக்கொண்டாய்? அதே அக்காதான் இப்போது கேட்காமல் படுக்காதே என்கிறேன். இந்த ஒருமுறையும் என் பேச்சைக் கேள், தங்கம். என் வயதில் நீ நிமிர்ந்து நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

உன் அக்கா
மாதேஸ்வரி