வாவிக்குள் ஓர் ஆடு

2025 மே 25, ஞாயிறு

பூசை முடிந்து நேரே வகுப்பு. ஹெக்டர் சேர் பேசத் தொடங்கினால் ஏக்கர் கணக்கில் போகும். இன்று இரண்டரை ஏக்கர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நம்மைப் பற்றி நாமே எழுதி அனுப்பும் கட்டுரைதான் விஷயம். நான் யார், ஏன் பௌதிகவியல், எனக்கு ஏன் இடம் தரவேண்டும்? எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்குள். இடம் கேட்பவர்கள் எல்லோரிடமும் நல்ல பரீட்சைப் பெறுபேறு இருக்கிறது. ஆகவே கட்டுரைதான் ஆளைப் பிரித்துக் காட்டுமாம். எனக்கு முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் பயணம், இல்லாவிட்டால் இல்லை.

“மட்டக்களப்புப் பிள்ள எண்டா சுனாமி இல்லாம எழுதக்கூடா.”

“சேர், நான் அப்ப பிறக்கல்ல.”

“அம்மா பிறந்திருந்தாதானே? கேட்டு எழுதும்.”

மே 28

எழுதிவிட்டேன். அம்மாவைக் கேட்கவில்லை, அது வேலை மினக்கேடு. அலை வரும்போது நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கண் முன்னாலேயே அன்ரோ மாமா அலையோடு போகிறார். அம்மாவின் தம்பி. எனக்கு அவரைச் சுவரில் இருக்கும் படமாக மட்டும்தான் தெரியும். வாசித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு நல்ல பொய் நான் இதுவரை விட்டதில்லை.

சேருக்கு அனுப்பினேன். ‘பிரமாதம்’ என்று பதில் வந்தது.

மே 31

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன், பெருமைப்படட்டும் என்று. ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பா. இரண்டாம் பந்தியில் சிரிப்பு நின்றது.

“நீ எங்க மகள் நிண்டாய்?”

நான் பல்லைக் காட்டினேன். “சும்மா கதைக்கு எழுதினதும்மா. சேர்தான்...”

“நத்தாருக்கு அடுத்த நாள். தம்பி கேக் துண்டோட வெளிய போனவன். மறுகா நடந்தத நான் இன்னும் ஒருத்தருக்கும் முழுசாச் சொல்லல்ல. உனக்கும் சொல்லல்ல. நீ ஊருக்கெல்லாம் சொல்லப்போறாய்.”

ஏசவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போய்விட்டா.

யூன் 1

அழித்துவிட்டேன். இப்போது பக்கத்தில் உண்மையாக இருப்பது ‘டினுஷா’ என்ற என் பெயர் மட்டும்.

யூன் 3

முப்லிஹா காத்தான்குடியிலிருந்து வந்தாள். அவளும் இதே வகுப்பு, இதே விண்ணப்பம், இதே தலைவிதி. சேர் சொன்ன மாதிரியே அவளும் சுனாமியைத்தான் எழுதியிருக்கிறாள்.

“எங்கட வகுப்பில எல்லாரும் பிறக்க முன்னமே நீந்தித் தப்பின ஆக்கள்கா,” என்றாள்.

சிரித்து முடிந்தபோது இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டது. பதினான்காம் திகதி கடைசி நாள். இதை விட்டால் என்னிடம் எழுத என்ன இருக்கிறது? குறும்பும் குழப்படியும்தான் இருக்கிறது.

“அப்ப அந்த ஆட்ட எழுது,” என்றாள்.

ஆடு போன வருஷத்துக் கதை. கல்லடிப் பாலத்தடியில் றெஜி அண்ணன் வெளிநாட்டுக்காரரைத் தோணியில் ஏற்றிப்போய், எங்கள் வாவிக்குப் பேர் வாங்கித் தந்த மீன் பாட்டைக் கேட்கவைப்பார். துடுப்பின் ஒரு நுனி தண்ணீரில், மறு நுனி காதில். நான், பாட்டுக் கேட்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றிக் கயிற்றில் கட்டித் தோணிக்குக் கீழே விட்டு, நானும் ஏறிக்கொண்டேன். அதில் முப்லிஹா வீட்டு ஆடு கத்திக்கொண்டிருந்தது. துடுப்பைக் காதில் வைத்த வெள்ளைக்காரி விழித்தா. றெஜி அண்ணன் வாங்கிக் கேட்டார்.

“ஆர்ரா வாவிக்குள்ள ஆடு கட்டினது?”

உடனே கயிறும் பிடிபட்டது, நானும் பிடிபட்டேன். ஆனால் தோணியில் இருந்த மற்றவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே. எனக்கும்தான். துடுப்பை வைத்த காதுக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அன்றிலிருந்து பிளாஸ்டிக் குழாய், இரும்புக்கம்பி, தென்னம்மட்டை என்று கண்டதையெல்லாம் தண்ணீரில் விட்டுக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சேரின் குடையையும்.

ஏன் பௌதிகவியல் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்?

யூன் 8

சேர் வாசித்தார்.

“ஆட்டுக்கு ஆர் புலமைப்பரிசில் குடுப்பான்? மற்றதில கண்ணீர் வந்ததே.”

“அது எங்கட அம்மாட கண்ணீர், சேர்.”

ஹெக்டர் சேர் கால் ஏக்கர்கூடப் பேசாததை இன்றுதான் கண்டேன். பிறகு திரும்ப வாசித்தார்.

“அப்ப என்ட குட...?”

“கேட்டதிலேயே மோசம், சேர். ஒண்டும் கேக்கல்ல.”

யூன் 14

அனுப்பியாயிற்று. சுனாமி இல்லை. ஆடு இருக்கிறது.

யூலை 17

நேர்முகம், கணினித் திரையில். மூன்று பேர். ஒருவர் கேட்டார், துடுப்பு என்ன மரம் என்று. மரத்துக்கு மரம் சத்தம் போகிற வேகம் மாறுமே! அதை நான் யோசிக்கவேயில்லை. “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். மூவரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, போய்வா என்கிற சிரிப்பா?

முடிந்ததும் பாலத்தடிக்கு ஓடினேன்.

“இதக் கேக்கிறத்துக்கும் கடலுக்கு அங்கால ஆக்கள் இருக்காங்களா?” என்றார் றெஜி அண்ணன். அவருக்கும் தெரியாது. அவருடைய அப்பா செய்த துடுப்பாம்.

ஓகஸ்ட் 8

கிடைத்துவிட்டது. முழுதாக.

அம்மா கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டு நின்றா. சொன்னேன். கையிலிருந்ததையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டா. கோழிகளுக்கும் இன்று முழுப் புலமைப்பரிசில்.

முப்லிஹாவுக்கும் கிடைத்திருக்கிறது. என்ன எழுதினாள் என்று சொல்லமாட்டேன் என்கிறாள். என்னைப் பற்றித்தான் இருக்கும், கள்ளி.



2026 பெப்ரவரி 1, ஞாயிறு

பெட்டி கட்டினோம். றெஜி அண்ணன் உடைந்த துடுப்பு நுனி ஒன்றைத் தந்துவிட்டிருக்கிறார், “என்ன மரமெண்டு அங்க கேட்டுச் சொல்லு” என்று. அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். அம்மா மறுபடி எடுத்தா. பெட்டியில் இடமில்லை என்று சொல்லத்தான் என்று நினைத்தேன். இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தா.

“அன்ரோவும் உன்னப் போலதான். பெரிய குழப்படிகாரன்,” என்றா.

பிறகு எல்லாவற்றையும் சொன்னா, கேக் துண்டிலிருந்து. நான் ஒரு பகிடியும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் அம்மாவே சிரித்தா.

அதை இங்கே எழுதமாட்டேன்.