ரேடியோவில் வந்த இன்னொரு வரி

ஆனி 14, செவ்வாய்

பெங்களூர் ரேடியோவின் கன்னடச் செய்தியை டீக்கடையில் எல்லோருக்கும் தமிழில் சொல்வது நான்தான். காலரா ஊசிச் சீட்டு இல்லாவிட்டால் கர்நாடகா செக்போஸ்டில் விடமாட்டார்கள் என்று நேற்றுச் சொன்னேன். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்ற வரியை விழுங்கிவிட்டேன். சொன்னால் பயந்து யாரும் போடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பெங்களூருக்கு மாங்காய் கொண்டுபோகும் வியாபாரி பாஷா பாய் காலையில் ஊசி போட்டுக்கொண்டார். சாயங்காலம் உடம்பு கொதித்தது. நோயே வந்துவிட்டதென்று பயந்து, அவர் மனைவி தன் பிள்ளைகளைச் சிங்காரப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"காய்ச்சல் வரும்னு ரேடியோவுல சொன்னாங்களா, சார்?"

"சொன்னாங்கம்மா."

"எங்ககிட்டயும் சொல்லியிருக்கலாமே. அப்பவும் அவரு போட்டிருப்பாரு."

நிதானமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.