கடை நம்பரில் ஒரு ஒழுங்கை முழுவதும்

வியாழன். மழை மூன்றாம் நாள்.

ஸ்கூல் ஹோலில் பாய் விரித்தாச்சு. ஜன்னல் ஓரம் எனக்கு. கொண்டு வந்தது: குர்ஆன், சீனி வருத்தத்துக்கு விழுங்கும் குளிசை, இரண்டு சாரி, இந்தக் கொப்பி. கிளினிக் கொப்பி வெள்ளத்தோடு போச்சு. எதிர்ச் சுவரில் ஆயிஷா. என் கூடப்பிறந்த நானாவின் பெண்சாதி. என் மகளின் கலியாணத்தில், சபை நடுவில், நான் முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து அவித்த வட்டிலப்பம் தண்ணி என்றவள். பதினொரு வருசம். கதை பேச்சு இல்லை.

பகலுக்குப் பாண், பருப்பு. பருப்பில் உப்பில்லை.

வெள்ளி. தூறல்.

எங்கள் கிளினிக் நர்ஸ் மிஸ் வரவில்லை, ரோட்டில் தண்ணி. எந்த கேம்பில் ஆள் குறைவோ அங்கே மிஸ்மாரை கம்பியூட்டரே பார்த்து அனுப்புதாம். சிலாபத்துப் பிள்ளை ஒன்று போட்டில் வந்து இறங்கினாள். கையில் விரலால் தட்டும் டெப். நல்ல சுறுசுறுப்பு. ஆனால் எங்களில் ஒரு முகம் தெரியாது.

"கொப்பி இல்லாட்டிப் பரவாயில்ல உம்மா. ஃபோன் நம்பர் சொன்னா எல்லாம் இதுல வரும்."

வரும், வரும். நாங்கள் கிளினிக்கில் பதிந்த காலம் ஒழுங்கை வீடுகளில் எந்தப் பொம்பிளையிடம் ஃபோன்? எல்லாரும் கொடுத்தது ஹனீபா கடை நம்பர். அவள் சொன்ன நேரம் எனக்கும் அது மண்டையில் ஓடவில்லை.

சனி. கொஞ்சம் வெயில்.

ஆயிஷாவின் காலில் தகரம் வெட்டிச் சீழ். நெருப்பாய்க் காய்ச்சல், கேட்டதற்குப் பதில் இல்லை. மிஸ் கடை நம்பரைத் தட்டி, பேர் பாராமல் முதலில் வந்த பதிவை டொக்டருக்கு ஃபோனில் வாசித்தாள். "சீனி இருக்கு. இடது முழங்கால் வாதம். வலது கண் ஒப்பரேசன். ஒத்துக்கொள்ளாத மருந்து இல்ல."

என் முழங்கால். என் கண்!

டொக்டர் பென்சிலின் சொல்லிவிட்டார். ஊசிக்குள் மருந்தும் இழுத்தாச்சு, குத்துவதுதான் பாக்கி.

"நிப்பாட்டு பிள்ளை! அது நான். அவக்கு பென்சிலின் ஆகாது. அவட மூத்தவன் பிறந்த நேரம் போட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ட்ரெக்டர்ல ஏத்திப் புத்தளம் கொண்டு போனதே நான்தான்."

"நல்லா ஞாபகமா உம்மா?"

"எனக்கா?"

டொக்டர் வேறு மருந்து சொன்னார்.

ஞாயிறு. நல்ல வெயில். பாய் காயப்போட்டேன்.

ஆயிஷாவுக்குக் காய்ச்சல் இறங்கிற்று. தேத்தண்ணி கேட்டாளாம்.

மிஸ் கடை நம்பரில் கிடந்த எல்லாரையும் ஒவ்வொருவராகப் பிரிக்கிறாள். பக்கத்தில் கதிரை போட்டு நான். யார் மகள், யாருக்கு என்ன வருத்தம். ஒன்றும் பிசகவில்லை.

ஆயிஷாவின் முறை. "பென்சிலின் கதை உண்மையா?"

"அவ சொன்னாச் சரி மிஸ். ஒண்டையும் மறக்காத சனியன்."

மிஸ் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தகவல் சொன்ன நீங்க இவங்களுக்கு என்ன முறை? இத நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகாது."

ஆயிஷாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எனக்கு மதினி. போடு" என்றேன்.

ஆனாலும் அன்றைய வட்டிலப்பம் தண்ணி இல்லை.