மீன் வருவதற்குள்

மார்ச் 3, செவ்வாய்

சனிக்கிழமை வெளியே சாப்பிடப் போகிறோமாம். மேசை முன்பதிவு செய்துவிட்டாராம். புதிதாகத் திறந்திருக்கிற அந்த மத்தியதரைக்கடல் உணவகம். ஆறாவது மாடி, பாதி சாப்பாட்டுக்கூடம், பாதி காக்டெயில் லவுஞ்ச். அங்கே லிஃப்ட் மாட்டியது இவருடைய ஆட்கள்தான். அதனால் நல்ல மேசை கிடைத்ததாம்.

“கல்யாண நாள் போன மாசமே போயிடுச்சே?” என்றேன்.

“கல்யாண நாள் வந்தாத்தான் சாப்பிடணுமா?” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

குழந்தையை, எங்கள் சுண்டெலியை, யார் பார்த்துக்கொள்வது? இவருடைய அக்கா வருகிறார்களாம். அதையும் அவரே கேட்டு முடித்துவிட்டார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு என்னிடம் சொல்கிறார். எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

நாத்தனார் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வேலையில் இருக்கும் நேரமெல்லாம் அடுத்து எந்த வண்டி, எந்த நடைமேடை என்று சொல்லும் அந்தக் குரல் அவர்களுடையதுதான். தனியாக இருக்கிறார்கள். சுண்டெலி என்றால் உயிர். பயம் அவர்களைப் பற்றியது இல்லை. வேறு.

டிசம்பரில் அந்தக் காய்ச்சல் வலிப்பு வந்தபோது வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். கண் மேலே சொருகி, கை கால் விறைத்து, உதடு நீலமாகி — எழுத வேண்டாம். டாக்டர் சொன்னார்: “மூணுல ஒரு குழந்தைக்குத் திரும்ப வரும்மா. வந்தாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, தானா நின்னுடும்.” மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் இரண்டு பேருக்கு வராது. இதைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினவள் நான். புள்ளியியலில் முதுகலை. ஆனாலும் அன்றிலிருந்து அவளை வேறு யார் கையிலும் விட்டுவிட்டுக் குளிக்கக்கூடப் போனதில்லை. இவர் கையில் கொடுத்தாலும் கூடவே நிற்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

கறுப்பு உடை இடுப்பில் ஏறவில்லை. பச்சைதான். அதில் தோளில் பால் கறை. சால்வை போட்டு மறைக்கலாம்.

பழைய போனை ஹால் அலமாரியில் சாய்த்துவைத்து, அது பிடிப்பதை என் போனில் பார்க்கிற மாதிரி செய்துவைத்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 7, சனி

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டாலாவது வருமா பார்க்கிறேன்.

இடம் அழகு. வெள்ளைச் சுவர், வளைவுகள், நடுவில் பெரிய மண்ஜாடியில் ஆலிவ் மரம். மறுபக்கம் லவுஞ்சில் தாழ்வான சோபாக்கள், நீல விளக்கு, ஐஸை உலுக்கும் சத்தம். வெளிச்சம் அவ்வளவு மங்கல், மெனுவைப் படிக்க நான் போன் டார்ச்சைப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் “அணை, அணை” என்றார்.

பரிமாறுகிறவர் குனிந்து, “முதல்ல மெஸ்ஸே எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

நான் இவர் பக்கம் சாய்ந்து, “இவ்வளவு பெரிய இடத்துல மெஸ் வேற நடத்தறாங்களா?” என்றேன்.

இவர் சிரித்தார். தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். பரிமாறுகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சின்னச் சின்னக் கிண்ணங்களில் பலதும் வரும், நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது என்று விளக்கினார். இவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குள் ஓடியது. நல்ல ராத்திரியாக இருக்கப் போகிறது என்றுகூட நினைத்தேன்.

கிண்ணங்கள் வந்தன. கொண்டைக்கடலை அரைத்த ஹம்மஸ், சுட்டு மசித்த கத்தரிக்காய், உப்புப் பாலாடைக்கட்டி, ஆலிவ். உப்பிய சூடான ரொட்டி. எனக்கு மது இல்லாத எலுமிச்சை பானம், இவருக்கு ஏதோ ஆரஞ்சு நிறத்தில். பேசிக்கொண்டே இருந்தேன். திடீரென்று இவர், “ஏய்” என்றார். குனிந்து பார்த்தால், ரொட்டி முழுவதையும் விரல்நுனி அளவுக்குப் பிய்த்து, ஊதி ஆறவைத்து, அவர் தட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன். கையில் இருந்த துண்டு அவர் வாயை நோக்கிப் பாதி வழியில் நிற்கிறது.

“ஆ காட்டணுமா?” என்றார்.

இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். வேறு ஊரில் புது ஆஸ்பத்திரிக் கட்டடம், பதினெட்டு லிஃப்ட், ஆறு மாத வேலை. இவரைக் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“போறீங்களா?”

“போலாம்னு இருக்கேன்.”

“நாங்க?”

“நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க.” ஆலிவ் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “நான் அந்த வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கேன்மா. அவளத் தூக்கினா நீ பக்கத்துல வந்து நிக்கற. கீழ விட்டுடுவேனோன்னு. அவ அழுதா எனக்கு முன்னாடி நீ எழுந்துடற.”

“பயமா இருக்குங்க.”

“தெரியும். எல்லாரும் மனைவிகிட்ட, அம்மாகிட்ட குழந்தையக் குடுக்கறப்ப ‘பாத்துக்கோ’ன்னு சொல்லுவாங்க. நீ எங்கிட்ட சொல்ற ஒரே வார்த்தை ‘பாத்து.’ பாத்து தூக்குங்க. பாத்து, தலை. பாத்து, கதவு. ஒருநாள்கூட ‘பாத்துக்கோங்க’ன்னு சொன்னதில்ல.”

பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மடியில் இருந்த போனைப் பார்த்தேன். ஹாலில் விரிப்பு இருந்தது. பொம்மை இருந்தது. குழந்தை இல்லை. அக்காவும் இல்லை.

“அது என்ன?” என்றார். சொன்னேன். “அக்காவுக்குத் தெரியுமா?” நான் அதற்குள் அக்காவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. “உக்காரு. அக்கா இருக்காங்க. மீன் வந்துடும், சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றார். எழுந்துவிட்டேன். இவர் பணம் கட்ட நின்றார். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் ஆறு மாடியும் படியில் இறங்கினேன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. லிஃப்ட்காரன் பெண்டாட்டி.

வீட்டில் அக்கா பால்கனியில் நின்றிருந்தார்கள். சுண்டெலி அவர்கள் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அக்கா மெல்லிய குரலில் தாலாட்டு மாதிரி, “அடுத்து வரும் வண்டி… இரண்டாம் நடைமேடைக்கு…” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஹாலில் புழுக்கமாம். போன் பைக்குள் இருந்ததாம்.

என் வெறுங்காலைப் பார்த்தார்கள். கையில் ஒளிரும் போனைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி அலமாரியைப் பார்த்தார்கள்.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சொன்னார்கள்: “எங்க ஸ்டேஷன்லயும் கேமரா இருக்கு. ஆனா ‘கேமரா இருக்கு’ன்னு போர்டு வெச்சிருக்காங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இவர் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார். நான் பேசினால் பதில் வருகிறது. “ம்.” “சரி.” “வெச்சிட்டேன்.”

ஒரு கணம் தோன்றியது — போகட்டுமே. போனால் நானும் அவளும் மட்டும். யாரிடமும் கொடுக்க வேண்டாம், யார் பின்னாலும் நிற்க வேண்டாம். நிம்மதி.

அப்படித் தோன்றியதைத்தான் பயத்தோடு எழுதுகிறேன். அது என்ன நிம்மதி? ஒரு குழந்தையும் ஒரு பைத்தியமும் பூட்டின வீட்டுக்குள்ள. அதுவா வேணும் எனக்கு?

மார்ச் 9, திங்கள்

பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. போனில் பேசியது காதில் விழுந்தது.

மார்ச் 11, புதன்

அக்கா என் போனை எடுக்கவில்லை. சுண்டெலியை மார்போடு கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கே போய்விட்டேன். டிசம்பருக்குப் பிறகு இவ்வளவு கூட்டத்துக்குள் அவளைக் கொண்டுபோனதே இல்லை. யார் தும்மினாலும் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி திறந்தது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு…” சுண்டெலி கையில் இருந்த கிலுகிலுப்பையைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கூரையைத் தேடுகிறாள். இரும்புத் தூண்களுக்கு நடுவில் அத்தையைத் தேடுகிறாள். அடுத்த அறிவிப்புக்கும் அண்ணாந்தாள். “த்த, த்த” என்று கையை ஆட்டினாள். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். ஒரு போர்ட்டர், “வண்டிய விட்டுட்டியாம்மா? அடுத்தது இருக்கு” என்று ஆறுதல் சொன்னார்.

இடைவேளையில் அக்கா வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: “பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினியா?”

“வாங்கல.”

“அபராதம் போடுவாங்க.”

“போடுங்கக்கா. தப்புதான். உங்ககிட்ட சொல்லாம வெச்சிருக்கக் கூடாது.”

“வெச்சிருக்கவே கூடாது” என்றார்கள். ஆனால் அதற்குள் சுண்டெலி அவர்கள் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். முடியோடு அவளையும் வாங்கிக்கொண்டு, “உங்க அம்மாவுக்கு அறிவு தாமதமா வருது. தாமதத்திற்கு வருந்துகிறோம்” என்று ஒலிபெருக்கிக் குரலில் சொன்னார்கள். டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

உணவகத்திலிருந்து போன். வரவேற்பில் இருக்கிற பெண். அன்று மீன் வருவதற்குள் எழுந்துபோய்விட்டீர்கள், எல்லாம் நலமா, விருப்பமிருந்தால் இன்னொரு நாள் வாருங்கள், அந்த மீனை எங்கள் உபசாரமாகத் தருகிறோம் என்றாள். எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி இவரிடம் சொன்னேன். “சனிக்கிழமையா? அக்காகிட்ட மறுபடி எப்படிக் கேக்கறது?” என்றார்.

“அக்காவக் கூட்டிட்டு நான் போறேன். நீங்க இருங்க.”

“எங்க?”

“வீட்டுல. அவகூட.”

என்னையே பார்த்தார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 14, சனி

பழைய போன் அலமாரியில் இல்லை. மதியமே அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

வாசலில் குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை தயாராக நின்றது. “பாத்து…” என்று வந்தேவிட்டது. நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். “…க்கோங்க.” பின்னாலிருந்து அக்கா, “அப்பாடா, வண்டி ஒருவழியா கிளம்பிடுச்சு” என்றார்கள்.

அக்கா காக்டெயில் சொன்னார்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் ஒரு பச்சைக் குச்சியைச் சொருகிக் கொண்டுவந்து வைத்தார் பரிமாறுகிறவர். “என்னடி இது, வேலியிலேர்ந்து புடுங்கிப் போட்டிருக்கான்?” என்று அக்கா எடுத்து மோந்து பார்த்தார்கள். பாதி குடித்ததும் குரல் இன்னும் கம்பீரமாகிவிட்டது. லவுஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஒருத்தர் வந்து கேட்கவே கேட்டுவிட்டார்.

பிறகு, குவளையின் ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்: “அன்னிக்கு ஆஸ்பத்திரியில, அவளுக்கு வலிப்பு வந்த அன்னிக்கு, உன் வீட்டுக்காரன் எனக்கு போன் பண்ணி அழுதான். தெரியுமா?”

தெரியாது.

“லிஃப்ட் குழிக்குள்ள இருந்திருக்கான். சிக்னல் இல்ல. மேல ஏறி வந்து பாத்தா உன் போன் கால் பதினாலு. ‘நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா, நான் எதுக்கு இருக்கேன்’னான்.”

அந்தப் பதினாலு அழைப்பும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் எடுக்காததை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதாலேயே மன்னித்துவிட்டதாக நினைத்திருந்தேன். மன்னித்தேனா? இத்தனை மாதமாக அவர் பக்கத்தில் போய் நின்றது கீழே விட்டுவிடுவாரோ என்பதற்காக மட்டுமா?

அப்போதுதான் மீன் வந்தது. முழு மீன், எலுமிச்சை வட்டங்களோடு, தோல் கருகி. கூடவே போனும் அடித்தது. அவர். பின்னணியில் அவள் அலறல். நாற்காலியைத் தள்ளிவிட்டேன்.

“அழறா” என்றார்.

“வர்றேன் —”

“வரச் சொல்லல. அழறான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்புறம் தெரிஞ்சா ஏன் சொல்லலன்னு கேப்ப. நான் பாத்துக்கறேன். சாப்பிடு.” வைத்துவிட்டார்.

நின்றுகொண்டே இருந்தேன். அக்கா மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் கழித்து முள்கரண்டியை எடுத்தேனோ, மீன் ஆறிப்போயிருந்தது. ஆறின மீனைத்தான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். அவர் சட்டையெல்லாம் கேழ்வரகுக் கஞ்சி. “பதினாலு தடவ கூப்பிட்டேன்ல, அன்னிக்கு,” என்றேன். “உங்க மேல கோவமா இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார்.

வெகுநேரம் பேசினோம். அதை எழுதப் போவதில்லை.

மார்ச் 20, வெள்ளி

அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குளியல் மட்டும் இப்போது அவர் வேலை. உள்ளே இரண்டு பேரும் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்கிறேன். இன்று சமையலறைவரை நகர்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேரும் இல்லை. ஹாலுக்கு ஓடினேன். சோபாவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் மார்பில் சுண்டெலி. நாற்காலிக் கையில் ஈரத்துணி. மருந்துக் குப்பி திறந்தபடி.

“காய்ச்சல்” என்றார் மெதுவாக. “நூத்தி ரெண்டு போச்சு. மருந்து குடுத்தேன். இப்ப இறங்கிடுச்சு, தொட்டுப் பாரு.”

தொட்டேன். கழுத்தெல்லாம் வியர்வை. சில்லென்று இருந்தாள்.

“என்ன ஏன் எழுப்பல?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மறந்துட்டேன்” என்றார். உண்மையாகவே மறந்திருக்கிறார், முகத்தில் தெரிந்தது.

திட்ட வேண்டும் என்று வாய் திறந்தேன். திட்டாமல், மருந்துக் குப்பியை மூடிவைத்தேன். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வேறு ஆள் போய்ப் பத்து நாளாயிற்று என்று நேற்று பேச்சுவாக்கில் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமைதானே, போய்ப் படு” என்றார்.

போய்ப் படுத்தேன். வெயில் கட்டிலுக்கு வரும்வரை தூங்கியிருக்கிறேன்.