ஜெபத்துக்குள் வந்த நினைப்பு

12 ஆகஸ்டு 1971, வியாழன்

இன்று காலை சூளையைப் பிரிக்கும்போது தேவராஜின் வலது கை வெந்துவிட்டது. பத்து வருஷமாக என்னோடு பீங்கான் வேலை பார்க்கிறவன். அடுத்த மாதம் மேஸ்திரி ஆக வேண்டியவன். அவன் அலறியதும் என் மனதில் முதலில் வந்தது, இனி அந்த வேலை எனக்குத்தான் என்பது. அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி எஸ்தர் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"அண்ணே, ஜெபம் பண்ணுங்க. நீங்க கேட்டா ஆண்டவரு இல்லேன்னு சொல்ல மாட்டாரு."

சபையில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஜெபித்தேன். மூடிய கண்ணுக்குள் மேஸ்திரி நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். தேவராஜ் வலியோடு "ஆமென்" என்றான்.

வீட்டுக்கு வந்து தனியாக மண்டியிட்டேன். இந்த நினைப்பை எடுத்துப்போடும் என்று கெஞ்சினேன். போகவில்லை. அவனைச் சுகமாக்கும் ஆண்டவரே என்று வாய் சொல்லும்போதே, மெள்ள ஆகட்டும் என்கிறது மனது.

அதையும் அவர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.