பேருக்கு டாலர்

அக்டோபர் 9, 2013 – புதன்

இந்த வருஷத்தின் முதல் பனி. புல் மேல் நிற்கவில்லை. ராக்ஸேன் தன் காபிக் கடையைத் திறப்பதற்கு முன்பே இங்கே வந்து கதவைத் தட்டினாள். கையில் மடித்த காகிதக் கைக்குட்டை, அதற்குள் என் புருஷன் ஹார்லனின் வெள்ளிப் பதக்கம் ஒன்று.

"ஆர்டித், நேத்து ஹார்லன் காபிக்கு இதை வச்சுட்டுப் போயிட்டாரு. அவர் போனப்புறம்தான் பார்த்தேன். இதுல டாலர்னு எங்கயும் போடலையே?"

"போடாது. இது பேருக்குத்தான் டாலர்."

ஹார்லனின் பதக்கச் சேகரிப்புச் சங்கத்தார் அப்படித்தான் சொல்வார்கள். ஏதோ ஒரு விழாவுக்கோ பொருட்காட்சிக்கோ டாலர் நாணயத்தின் அளவில் அடித்து விற்ற பதக்கங்கள். நாற்பது வருஷமாகச் சேர்க்கிறான். ராக்ஸேன் கொண்டுவந்தது 1876-இல் நாட்டின் நூறாவது ஆண்டுக்காக நெவாடா வெள்ளியில் அடித்தது. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், மூச்சு படக்கூடாது, துடைக்கவே கூடாது. கல்யாணத்தன்றுகூட என்னை இவ்வளவு பதனமாகப் பிடித்தவனில்லை.

அதில் காபிக் கறை. துடைக்காமல் தண்ணீரில் முக்கி எடுத்து, துணி மேல் காய வைத்தேன். கை மாறி வைத்திருப்பான். யாருக்கும் நேர்வதுதான்.

ஆனால் சட்டைப்பையில் அது எதற்கு?

அக்டோபர் 11 – வெள்ளி

கேட்டுவிட்டேன்.

"காபி குடிச்சேன், காசு குடுத்தேன். இதுக்கு ஒரு விசாரணையா?" என்றான்.

"அது காசு இல்ல ஹார்லன்."

"உனக்கு என்ன தெரியும்?" பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான்.

சங்கத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இவன் சொல்லும் முதல் வார்த்தை, "இதைக் குடுத்து ஒரு பொட்டலம் கடலைகூட வாங்க முடியாது, அதனாலதான் நமக்கு இது வேணும்." எனக்கு என்ன தெரியுமாம்! பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. நேராகத்தான் பிடித்திருந்தான்.

நவம்பர் 2 – சனி

முடிவெட்டும் கடையில் ஒன்று. விதைக் கடையில் ஒன்று. இரண்டையும் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். "பெரியவர் ஜோக் அடிக்கிறாருன்னு நெனைச்சேன்" என்றான் முடிவெட்டுகிறவன். நானும் சிரித்து வைத்தேன். திரும்பும்போது காரை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள் நான், ஸ்டீரிங் முன்னால் அழுகை வராது.

டிசம்பர் 5 – வியாழன்

டாக்டர் அந்த வியாதியின் பேரைச் சொல்லிவிட்டார். நான் இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பி வரும்போது ஹார்லன், "நல்ல மனுஷன் அவரு. பாவம், முகமே சரியில்ல. அவருக்கு என்ன வியாதியாம்?" என்றான்.

ஜனவரி 18, 2014 – சனி

வென்டல் வந்திருந்தான். சங்கத்தில் ஹார்லனுக்கு ரொம்ப நாள் கூட்டாளி. ஒரு பை நிறையப் போலிகள் கொண்டுவந்தான், எல்லாம் அச்சில் ஊற்றி வார்த்த மலிவுச் சரக்கு. "நிஜத்தையெல்லாம் பூட்டி வச்சிரு ஆர்டித். இதைப் பையில போட்டு விடு. அவனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலையில் சட்டைப்பையில் இரண்டு போட்டு வைத்தேன்.

ஹார்லன் சட்டையை மாட்டினான். பையில் கை விட்டான். அப்படியே நின்றான். வெளியே எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டினான். பிறகு மேசை மேல் போட்டுச் சத்தம் கேட்டான்.

"வார்ப்பு. இங்க பாரு, ஒட்டுக்கோடு. யாரு இதை என் பையில வச்சது?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதைக் கொண்டுபோய்க் கடையில குடுத்திருந்தா என்னை என்னன்னு நெனைப்பாங்க? திருட்டுப்பயன்னு நெனைக்க மாட்டாங்க? ஆர்டி, என்னை யாருன்னு நெனைச்சே நீ?"

அவனுக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாது, மத்தியானம் சாப்பிட்டோமா என்று தெரியாது. விளிம்பில் இருக்கிற முடி அளவு கோடு தெரிகிறது. எனக்கு அவமானமாகிவிட்டது. பையோடு எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 19 – ஞாயிறு

நாள் முழுக்க ஒரே யோசனை. மலை மேலே விக்டர் ஊரில், 1900-இல், ஒருத்தர் சொந்தமாக எட்டுமூலை வெள்ளிப் பதக்கம் அடித்துக் கொடுத்தார். அங்கத்து மளிகைக்கடைக்காரர்கள் அதைக் காசாக வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் ஹார்லன் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. கடைக்காரன் வாங்கிக்கொண்டால் அது காசு. அவ்வளவுதானே?

ஜனவரி 21 – செவ்வாய்

கேன்யன் சிட்டியின் மெயின் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

"ஹார்லன் எதைக் குடுத்தாலும் வாங்கிக்கோங்க. மிச்சம் குடுங்க. வெள்ளிக்கிழமை நான் வந்து அதை எடுத்துக்கிட்டு நிஜக் காசு தர்றேன். ஒரே ஒரு விஷயம், யாரும் துடைக்காதீங்க."

ஒருத்தர்கூட மறுக்கவில்லை. ராக்ஸேன் மட்டும், "விளிம்பைப் பிடிச்சுத்தானே எடுக்கணும்? அவரே எனக்குக் கத்துக்குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனாள்.

வென்டல் போனில் குதித்தான். "அதெல்லாம் சரித்திரம் ஆர்டித்! காபிக் கடைக் கல்லாவுல போட்டுக் கலக்கற சாமானா?"

"இந்த வீட்டுச் சரித்திரத்துக்குத் தினம் பத்து மணிக்குக் காபி வேணும் வென்டல்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச் 3 – திங்கள்

ஹார்லன் காலையில் பதக்கப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வெள்ளிக்கிழமை நான் வசூலுக்குப் போகிறேன். கொண்டுவந்ததை அவன் தூங்கும்போது அந்தந்தக் குழியில் திருப்பி வைக்கிறேன். ஒரு ராஜாங்கத்தின் கஜானாவை நடத்துகிறேன், சம்பளம்தான் இல்லை.

ராக்ஸேன் கடையில் இப்போது மற்ற கிழவர்களும் அவனிடம், "இன்னிக்கு எந்த வருஷத்துக் காசு ஹார்லன்?" என்று கேட்கிறார்களாம். அவன் விளக்கம் சொல்கிறானாம். சந்தோஷமாக இருக்கிறான். நானும்தான்.

ஜூன் 14 – சனி

ஹார்லன் எந்த வழியாகப் போனானோ, நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக வந்த பெட்ரோல் பங்க்குக்குப் போய்விட்டான். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான். அங்கே நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சோடாவுக்குப் பதக்கத்தை நீட்ட, கல்லாவில் இருந்தவன் கள்ளக்காசு என்று கத்தி ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டுவிட்டான்.

கூட்டிக்கொண்டு வந்த போலீஸ்காரர் சின்னப் பையன், என் பஸ்ஸில் வந்தவன்தான். "அவர் ஒண்ணும் செய்யல மேடம். ஆனா ரோட்டைக் கடந்த விதம்... லாரி வர்ற ரோடு அது" என்றார்.

ஹார்லன் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "நல்ல வெள்ளி ஆர்டி. அந்தப் பயல் பார்க்கக்கூட இல்ல" என்றான்.

ஜூன் 15 – ஞாயிறு

மகள் கொலீன் பியூப்லோவிலிருந்து வந்துவிட்டாள். செய்தி எப்படித்தான் போகிறதோ. முதியோர் காப்பகத்தின் படங்கள் கையில். தோட்டம், ஜன்னல், சிரிக்கிற நர்ஸ்.

"எத்தனை நாள்மா ஊர் பூரா பின்னாடியே ஓடுவே? அந்த லாரி அடிச்சிருந்தா?"

"அடிக்கலையே."

"நீ விழுந்துட்டா அவரை யாரு பார்க்கறது? உனக்கு வயசு என்ன தெரியுமா?"

"உன்னைப் பெத்தவளுக்கு அது தெரியாதா?"

அப்புறம் அவள் அழுதாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை, அதனால்தான் எனக்குக் கோபம். கடைசியில் சொன்னேன். "என்னை அவனுக்குத் தெரியற வரைக்கும் இந்த வீட்டை விட்டு எங்கயும் அனுப்ப மாட்டேன். தெரியாமப் போற அன்னிக்கு நானே உனக்குப் போன் பண்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கொலீன் எதையும் மறக்கிறவள் இல்லை.

செப்டம்பர் 9 – செவ்வாய்

தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டான். கால் வலிக்கிறதாம்.

அக்டோபர் 17 – வெள்ளி

இனிமேல் வசூலுக்கு வேலை இல்லை. வெளியே போவதே நின்றுவிட்டது. ராக்ஸேன் ஒரு கேக் சுட்டு அனுப்பியிருந்தாள்.

நவம்பர் 27 – வியாழன்

நன்றி நாள் விருந்து. வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது. ஹார்லன் கொலீனைத் தன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொலீன் மறுக்காமல் அக்காவாகவே பதில் சொன்னாள், நல்ல பெண். பிறகு பாத்திரம் கழுவும்போது என் பக்கம் பார்க்காமல், "உன்னை?" என்றாள்.

"ஆர்டின்னுதான் கூப்பிடறான். வேணும்னா போய்க் கேளு."

கேட்கவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கினாள்.

ஜனவரி 20, 2015 – செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுதித் தொலைக்கிறேன்.

மதியத்துக்குப் பச்சை மிளகாய் போட்ட பன்றிக்கறிச் சூப். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். எடுக்கப் போனேன். சட்டைப்பையில் கை விட்டு ஒரு பதக்கத்தை எடுத்து, விளிம்பைப் பிடித்து, எழுத்து என் பக்கம் பார்க்கும்படி கூடத்து மேசையில் வைத்தான். எது என்றுகூட நான் பார்க்கவில்லை.

"எவ்வளவுங்க ஆச்சு? இது போதுமா பாருங்க."

"ஹார்லன், விளையாடாதே."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். கோபமில்லை, பயமில்லை. ராக்ஸேனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. ஐம்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியிருப்பானா? கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது, இன்றைக்குத்தான் அது, கொலீனுக்குப் போன் பண்ண வேண்டும் — இதுதான் மனதில் ஓடியது.

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். பாவமாக இருந்தது.

"போதும் சார்" என்றேன். "நான்தான் மிச்சம் தரணும்." பர்ஸிலிருந்து சில்லறையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

அதை என் பக்கமே தள்ளினான். "நீங்களே வச்சுக்கோங்கம்மா. சூப் நல்லா இருந்துச்சு." எழுந்து தொப்பியைத் தேடினான். "நான் கிளம்பறேன். வீட்ல தேடுவா."

"யாரு?"

"என் சம்சாரம். ஆர்டித். லேட்டாப் போனா கத்தித் தீர்த்துடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் கத்துவதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம் என்று எனக்கு இதுநாள் வரை தெரியாது.

"வெளியே பனி கொட்டுது சார். உட்காருங்க. அவங்களே கூட்டிட்டுப் போக வருவாங்க."

"வருவாளா?"

"கண்டிப்பா வருவாங்க."

உட்கார்ந்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. நான் சமையலறைப் பின்கதவு வழியாக வெளியே வந்தேன். கோட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்தது, போட்டிருந்த ஏப்ரனோடேயே வந்துவிட்டேன். கணுக்கால் மூடுகிற பனி. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்தேன். ஒரு இடத்தில் வழுக்கியது, விழவில்லை. முன்வாசலில் ஏப்ரனை அவிழ்த்துக் கிராதியில் போட்டுவிட்டு, என் வழக்கப்படி கதவைப் படாரென்று திறந்தேன்.

"எங்கே போய்த் தொலைஞ்சே?" என்றான். "எவ்வளவு நேரம் ஒரு மனுஷன் காத்துக்கிட்டு இருக்கறது? காலெல்லாம் பனி பாரு. காய்ச்சல்ல படுக்கப்போறே ஆர்டி."

"அதான் வந்துட்டேன்ல. கத்தாதே."

எழுந்து பக்கத்தில் வந்தான். என் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"காசெல்லாம் குடுத்தாச்சு. நல்லவங்க அந்தம்மா. தனியா இருக்காங்க போல. அடுத்த தடவை நீயும் வா."

பிப்ரவரி 1 – ஞாயிறு

கொலீன் போன் செய்தாள். எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "தெரியுது" என்றேன். என் குரலை எடை போட்டிருப்பாள். பிறகு பனி எவ்வளவு பெய்தது என்று கேட்டாள். முழங்கால் அளவு என்றேன்.

அவள் வைத்ததும் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய், பின்கதவிலிருந்து வீட்டைச் சுற்றி முன்வாசல் வரை ஆள் நடக்கிற அகலத்துக்குத் தடம் வெட்டினேன். வழுக்கும் இடங்களில் உப்புத் தூவினேன். கோட்டைப் பின்கதவு ஆணியில் மாட்டி, கீழே பூட்ஸையும் வைத்திருக்கிறேன்.